ஜிஇ-யோட மூணு பேரும் முலாலியும்: தலைமைக்கு யாரைப் போடலாம்?

ஒரு கம்பெனிக்கு அடுத்த தலைவரா யாரைப் போடறதுன்னு குழம்பறவங்க எல்லாருக்கும் நான் சொல்ற கதை ஒண்ணுதான். ஜெனரல் எலக்ட்ரிக், அதாவது ஜிஇ, அங்க சிஇஓ ஜாக் வெல்ச் ரிட்டயர் ஆகப்போறாரு, வாரிசு போட்டியில கடைசி வரைக்கும் நின்னது மூணு பேர். ஜெஃப் இம்மெல்ட் மெடிக்கல் சிஸ்டம்ஸ் பாத்துக்கிட்டிருந்தாரு, பாப் நார்டெல்லி பவர் சிஸ்டம்ஸ், ஜிம் மெக்னெர்னி விமான எஞ்சின் பிரிவு. 2000 நவம்பர்ல இம்மெல்ட் பேரை அறிவிச்சாங்க. தோத்த ரெண்டு பேரும் சும்மா உக்காரல, கொஞ்ச நாள்லயே நார்டெல்லியை வீட்டு ரிப்பேர் சாமான் விக்கற ஹோம் டிப்போ கடைக் கம்பெனி கூட்டிக்கிட்டு போயிடுச்சு, மெக்னெர்னியை பசை, டேப் மாதிரி பொருள் செய்யற 3எம் கம்பெனி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார், மூணு பேரும் ஒரே சமயத்துல பெரிய பெரிய கம்பெனிக்கு சிஇஓ. இவ்வளவு சுத்தமா ஒப்பிட்டுப் பாக்க பிசினஸ் உலகத்துல வாய்ப்பு கிடைக்கறது அபூர்வம்.

இதுல நாலாவதா ஒருத்தரைச் சேக்கணும், ஆலன் முலாலி. ஏன்னா 2005-ல போயிங்ல சிஇஓ சீட் காலியானப்ப, உள்ளயே முப்பது வருசத்துக்கு மேல இருந்து, 777 விமானத்தை உருவாக்கினதுல முக்கியமான பங்கு வகிச்சு, பயணிகள் விமானப் பிரிவையே நடத்திக்கிட்டிருந்த முலாலியை விட்டுட்டு, வெளியில இருந்து மெக்னெர்னியைத்தான் போர்டு எடுத்துச்சு. முலாலி அடுத்த வருசமே ஃபோர்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கு என்னன்னு கேக்கலாம். அம்பது பேர் வேலை செய்யற யூனிட்லயும் இந்த நாலு டைப்பும் கண்டிப்பா இருக்கும். அதட்டி வேலை வாங்கறவர், எல்லாத்தையும் கணக்கா ஷீட்ல வெச்சிருக்கறவர், நல்லா பேசி கஸ்டமரை மயக்கறவர், அப்புறம் யாரோட கண்ணுக்கும் பெருசா படாத ஒருத்தர், ஆனா ஏதாவது கோளாறுன்னா எல்லாரும் முதல்ல அவர்கிட்டதான் ஓடுவாங்க. இதுல யாரை மேல ஏத்தறதுங்கறதுதான் கேள்வி.

முதல்ல நார்டெல்லி, அதட்டி வேலை வாங்கற டைப். இவர் மேல எல்லாரும் கல்லெறியறாங்க, ஆனா நம்பரைப் பாருங்க. இவர் வந்தப்ப ஹோம் டிப்போ விற்பனை வருசத்துக்கு 4,600 கோடி டாலர் பக்கம், அஞ்சு வருசத்துல 8,100 கோடியைத் தாண்டுச்சு, லாபமும் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு கடையும் அவனவன் இஷ்டத்துக்கு சரக்கு வாங்கிக்கிட்டிருந்தான், அதை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாரு. உழைப்புன்னா அப்படி ஒரு உழைப்பு, விடியறதுக்கு முன்னாடி ஆபீஸ், சனி ஞாயிறும் வேலைன்னு சொல்வாங்க. பழக்கவழக்கம்னு பட்டியல் போட்டா நூத்துக்கு நூறு வாங்கற ஆளு.

அப்புறம் எங்க ஓட்டை? ஹோம் டிப்போ கடையில ஆரஞ்சு ஏப்ரன் போட்டுக்கிட்டு நின்ன ஆளுங்கள்ல நிறைய பேர் முன்னாடி பிளம்பராவோ எலக்ட்ரீஷியனாவோ இருந்தவங்க, நீங்க ஒழுகற குழாயோட போனா எந்த வாஷர் வேணும்னு எடுத்துக் கொடுத்துடுவாங்க. அந்தக் கடையோட உயிரே அதுலதான் இருந்துச்சு. சம்பளச் செலவைக் குறைக்கணும்னு இவர் அந்த இடத்துல பார்ட் டைம் ஆளுங்களை நிறைய போட்டாரு. கஸ்டமருக்கு எரிச்சல், போட்டிக் கம்பெனியான லோஸ் (Lowe's) கடைக்குப் போக ஆரம்பிச்சாங்க. லாபம் ஏறிக்கிட்டே இருந்தும் ஷேர் விலை மட்டும் அசையவே இல்ல.

2006 மே மாசம் நடந்த ஷேர்ஹோல்டர் மீட்டிங்தான் இவரோட முழு உருவத்தையும் காட்டுச்சு. போர்டு மெம்பர் ஒருத்தர்கூட வரல, இவர் மட்டும் மேடையில, கேள்வி கேக்க வர்றவங்களுக்கு டைமர் வெச்சு ஒரு நிமிசம், கேள்விக்குப் பதிலும் கிடையாது, அரை மணி நேரத்துல மீட்டிங் ஓவர். கம்பெனி முதலாளிங்கறதே அந்த ஷேர்ஹோல்டர்தான், அவங்களுக்கே ஒரு நிமிசம்னா கடையில நிக்கற பையன் தன் கஷ்டத்தை யார்கிட்ட போய் சொல்லுவான்? 2007 ஜனவரில வெளிய போனாரு, போகும்போது கையில 21 கோடி டாலர் மதிப்புள்ள பேக்கேஜ்.

இதுல ஒரு விசயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்ல. அவருக்குப் பின்னாடி வந்த ஃபிராங்க் பிளேக்கும் ஜிஇ-ல இருந்து வந்தவர்தான், அவருக்கும் முன்னாடி ரீடெய்ல் அனுபவம்னு ஒண்ணும் இல்ல. ஆனா அவர் பழைய ஃபவுண்டர்ங்களைக் கூப்பிட்டுப் பேசினாரு, ஞாயித்துக்கிழமை உக்காந்து கடை ஊழியர்களுக்குக் கையாலயே நன்றி எழுதி அனுப்பறதை வழக்கமா வெச்சிருந்தாரு, கம்பெனியும் நிமிர்ந்துச்சு. அதனால ஜிஇ டிரெயினிங்தான் கெடுத்துச்சுன்னு சொல்றது சரியா வராது. ரிட்டயர்டு பிளம்பர் என்ன சொல்றான்னு கேக்கறதுக்கு நேரம் ஒதுக்கினாரா இல்லையாங்கறதுல வந்த வித்தியாசம்தான் அது.

அடுத்து மெக்னெர்னி, எல்லாத்தையும் கணக்கா ஷீட்ல வெக்கற டைப். இவரை முழுசா கெட்டவர்னும் சொல்ல முடியாது, நல்லவர்னும் சொல்ல முடியாது. 3எம் ஆரம்பிச்சது 1902-ல, அதோட வரலாத்துலயே வெளியில இருந்து வந்த முதல் சிஇஓ இவர்தான். வந்ததும் சிக்ஸ் சிக்மாவை, அதாவது எல்லாத்தையும் அளந்து பாத்து தப்பைக் குறைக்கற முறையைக் கொண்டுவந்தாரு, ஆட்குறைப்பும் பண்ணாரு, லாபம் ஏறுச்சு, ஷேர் மார்க்கெட்டும் கைதட்டுச்சு. ஃபேக்டரியில சிக்ஸ் சிக்மா அருமையான விசயம், ஒரே பொருளை லட்சம் தடவை ஒரே மாதிரி செய்யணும்னா அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா இவர் அதையே ரிசர்ச் லேபுக்குள்ளயும் கொண்டுபோயிட்டாரு. 3எம்-மோட போஸ்ட்-இட் நோட், அந்த ஒட்டி எடுக்கற சின்னச் சீட்டு, எப்படி வந்துச்சு? ஒரு விஞ்ஞானி பலமான பசை செய்யப்போயி ஒட்டியும் ஒட்டாத பசை வந்துடுச்சு, அது பல வருசம் உபயோகம் இல்லாம கிடந்து, இன்னொருத்தர் தன்னோட சர்ச் பாட்டுப் புத்தகத்துல பேப்பர் நழுவாம இருக்க அதை யோசிச்சப்பதான் பொருளாச்சு. அந்தப் பசைக்கு சிக்ஸ் சிக்மா ரிவ்யூ வெச்சிருந்தா முதல் மாசமே ஃபைலை மூடியிருப்பாங்க. மெக்னெர்னி போனதும் அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ரிசர்ச் பக்கம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திட்டாரு.

போயிங்ல நடந்தது இன்னும் பெருசு. 787 விமானத்துக்கு உலகம் பூரா சப்ளையர்கிட்ட பெரிய பெரிய பாகமா செஞ்சு வாங்கி இங்க வெச்சு இணைக்கறதுன்னு திட்டம், அந்த முடிவு இவர் வர்றதுக்கு முன்னாடியே எடுத்தது, அதை நியாயமா சொல்லிடணும். 2007 ஜூலை 8, அமெரிக்கா ஸ்டைல்ல எழுதினா 7/8/07, தேதிகூட விமானத்தோட பேருக்குப் பொருந்தணும்னு பாத்து பாத்து வெச்ச விழா. ஆயிரக்கணக்கான பேர் கைதட்ட, பளபளன்னு பெயிண்ட் அடிச்ச விமானம் வெளிய வருது. உள்ள? கிட்டத்தட்ட வெறும் கூடு. சிஸ்டம் எல்லாம் மாட்டவே இல்ல, பாகங்களை இணைக்கற சரியான ஃபாஸ்ட்னர் கிடைக்காம தற்காலிகமா எதையெதையோ போட்டு இறுக்கி நிக்க வெச்சிருந்தாங்க. அப்ப சொன்ன கணக்குப்படி 2008-ல டெலிவரி, உண்மையில முதல் விமானம் ஜப்பானோட ஏஎன்ஏ விமானக் கம்பெனி கைக்குப் போனது 2011 செப்டம்பர்ல. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னு சொல்வோம், இங்க முழு விமானத்தையே பெயிண்ட்டுக்குள்ள மறைச்சிருக்காங்க. அந்தத் தளத்துல வேலை செஞ்ச ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், இது பறக்காதுன்னு. தேதி தள்ளணும்னு அழுத்திச் சொல்ல முடிஞ்சிருந்தா அந்த விழாவே நடந்திருக்காது.

ஏன் சொல்ல முடியாம போச்சுங்கறதுக்கு நேரடி ஆதாரம் எதுவும் என்கிட்ட இல்ல, ஆனா 2014-ல அவரே ஒரு துப்பு கொடுத்தாரு. அறுபத்தஞ்சு வயசாகப்போகுது, ரிட்டயர் ஆவீங்களான்னு முதலீட்டாளர் போன் மீட்டிங்ல கேட்டதுக்கு, இதயம் துடிச்சுக்கிட்டுதான் இருக்கும், ஊழியர்களும் நடுங்கிக்கிட்டுதான் இருப்பாங்கங்கற மாதிரி ஜோக் அடிச்சாரு. அப்புறம் மன்னிப்பும் கேட்டாரு. ஜோக்குதான், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தருக்கு எந்த ஜோக் சட்டுனு வாயில வருதுங்கறதை இன்டர்வியூ பண்றவங்க கொஞ்சம் கவனிக்கணும்.

இம்மெல்ட்டைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அவரோட கதையில பாதி அவர் கையில இல்லாதது. பதவி ஏத்தது 2001 செப்டம்பர் 7, நாலு நாள்ல ரெட்டை கோபுரம் விழுந்துச்சு. வெல்ச் விட்டுட்டுப்போன கம்பெனியே பாதி பேங்க் மாதிரிதான் ஓடிக்கிட்டிருந்துச்சு, 2008 நிதி நெருக்கடியில அந்தப் பாதி கழுத்தைப் பிடிச்சுது. ஆளு உயரம், சிரிச்ச முகம், காலேஜ்ல ஃபுட்பால், ஹார்வர்ட் எம்பிஏ, எந்த கஸ்டமர் ரூமுக்குள்ள போனாலும் பத்து நிமிசத்துல நண்பனாகிடுவாரு. இந்த நாலு பேரையும் இன்டர்வியூல உக்கார வெச்சா இவர்தான் ஜெயிப்பாரு, ஜெயிக்கவும் செஞ்சாரு. பிரச்சினை என்னன்னா, எல்லாம் நல்லாத்தான் போகுதுங்கற அந்த நம்பிக்கை கஸ்டமர்கிட்ட காட்டறதோட நிக்கல, கம்பெனிக்குள்ளயும் அதுதான். பதினாறு வருசம் இருந்துட்டு 2017-ல இறங்கினாரு, அதுக்கப்புறம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல வந்த செய்திகள்ல முன்னாள் அதிகாரிங்க சொன்னது இதுதான்: மேல இருக்கறவருக்குக் கெட்ட செய்தி கேக்கப் பிடிக்கல, அதனால கீழ இருக்கறவங்க அழகான ஸ்லைடா போட்டுக் காட்டிக்கிட்டே இருந்தாங்க. அவரோட ஜெட்டுக்குப் பின்னாடி ஒரு காலி ஜெட்டும் சில பயணங்கள்ல பறந்திருக்கு, முதல் ஜெட் ரிப்பேரானா இருக்கட்டும்னு. தனக்கு அது தெரியாதுன்னு இம்மெல்ட் சொன்னாரு. ஊழல்னு யாரும் சொல்லல, எனக்கும் அந்தச் செலவு பெருசாத் தெரியல. தன் வால்ல பறக்கற விமானம்கூட சிஇஓவுக்குத் தெரியாத அளவுக்கு செய்தி மேல போகாத கம்பெனியா இருந்திருக்கேங்கறதுதான் எனக்கு உறுத்துது. 2018 ஆரம்பத்துல பழைய இன்ஷூரன்ஸ் பொறுப்புக்கு 1,500 கோடி டாலர் ஒதுக்கணும்னு குண்டு வெடிச்சுது, அதே வருசம் ஜூன்ல அமெரிக்காவோட பெரிய கம்பெனிங்க இருக்கற டோ ஜோன்ஸ் ஷேர் பட்டியல்லருந்தே ஜிஇ வெளிய. இப்ப அது மூணு தனித்தனி கம்பெனியா பிரிஞ்சிடுச்சு.

நாலாவது டைப், முலாலிக்கு வருவோம். 2006 செப்டம்பர்ல ஃபோர்டுக்கு வந்தாரு, கூப்பிட்டது பில் ஃபோர்டு, அதாவது ஹென்றி ஃபோர்டோட கொள்ளுப்பேரன், தன் சிஇஓ சீட்டைத் தானே விட்டுக்கொடுத்து உக்கார வெச்சாரு. அந்த வருசம் ஃபோர்டுக்கு நஷ்டம் 1,270 கோடி டாலர். வந்ததும் பண்ணது ரொம்ப சாதாரண வேலை: வாராவாரம் வியாழக்கிழமை காலையில ஒரு மீட்டிங், எல்லா பிரிவுத் தலைவரும் நேர்ல வரணும், போனை நோண்டக்கூடாது, அடுத்தவனை மட்டம் தட்டி ஜோக் அடிக்கக்கூடாது, அவங்கவங்க பிரிவோட நிலவரத்தைக் கலர் போட்டுக் காட்டணும். பச்சைன்னா சரியா போகுது, மஞ்சள்னா கொஞ்சம் இடிக்குது, சிவப்புன்னா பிரச்சினை, வழி தெரியல.

முதல் சில வாரம் எல்லா சார்ட்டும் பச்சை. கோடி கோடியா நஷ்டம் ஓடுது, ஸ்கிரீன் முழுக்க பசுமை. இவ்வளவு பணம் போகுதே, எதுவுமே சரியில்லாம போகலையான்னு முலாலி கேட்டாரு, ரூம்ல சத்தமே இல்ல. ஏன்னா ஃபோர்டுல அதுவரைக்கும் தன் குறையைச் சபையில சொன்னவன் அதோட காலிங்கறது எழுதாத சட்டம். மார்க் ஃபீல்ட்ஸ்னு ஒருத்தர், அமெரிக்கப் பகுதியோட தலைவர், முலாலி வராம இருந்திருந்தா அந்த நாற்காலி இவருக்கு வந்திருக்கும்னு பேசிக்கிட்ட ஆளு. கனடாவுல ஓக்வில் ஃபேக்டரியில எட்ஜ்னு புது வண்டி வரப்போகுது, கடைசி நேரத்துல ஒரு கோளாறு, இவர் வண்டி வெளிய போறதை நிறுத்திட்டாரு. அந்த வாரம் சார்ட்ல சிவப்பு போட்டுக்கிட்டு வந்தாரு. எல்லாரும் இன்னைக்கோட இந்த ஆளு முடிஞ்சாருன்னு பாக்கறாங்க, முலாலி கைதட்ட ஆரம்பிச்சாரு. நல்லாத் தெளிவா காட்டினீங்க மார்க், இவருக்கு யாரு உதவ முடியும்னு கேட்டாரு. குவாலிட்டி பக்கம் ஒருத்தர் நான் ஆள் அனுப்பறேன்னாரு, இன்னொருத்தர் வேற ஒரு வண்டியில இதே மாதிரி பாத்திருக்கேன்னாரு, சில நொடியில விசயம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த வாரங்கள்ல ஃபீல்ட்ஸ் தலை போகலைன்னு உறுதியானதும் மத்தவங்க சார்ட்லயும் சிவப்பும் மஞ்சளும் வர ஆரம்பிச்சுது.

இதைக் கேட்டா இனிப்பா இருக்கும், மனுசன் ரொம்ப சாதுன்னு தோணும். அப்படி எல்லாம் இல்ல. மீட்டிங்குக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம், ஆனா வரலைன்னா இந்த டீம்ல நீ இல்ல, அவ்வளவுதான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாரு. ஃபேக்டரிங்களை மூடினாரு, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008-ல 230 கோடி டாலருக்கு நம்ம டாடா மோட்டார்ஸ்கிட்ட வித்தாரு, வோல்வோவை சீனாவோட ஜீலிக்கு. 2006 கடைசியிலயே ஃபேக்டரி, பேட்டன்ட், அந்த நீல ஓவல் லோகோ வரைக்கும் அடமானம் வெச்சு 2,350 கோடி டாலர் திரட்டி வெச்சிருந்ததாலதான் 2009-ல ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவால் கோர்ட்டுக்குப் போனப்ப ஃபோர்டு போகல. மறைமலைநகர்ல செஞ்ச ஃபிகோ வண்டியும் இவரோட காலத்துலதான் வந்துச்சு, 2009-ல டெல்லிக்கு அவரே வந்து அறிமுகப்படுத்திட்டுப் போனாரு.

கிரைஸ்லர் திவாலாகற வரைக்கும் அங்க சிஇஓவா இருந்தது யாரு? நம்ம நார்டெல்லிதான். இவரும் முலாலியும் ஒரே மேசையில உக்காந்த நாளும் உண்டு, 2008 நவம்பர்ல அமெரிக்க காங்கிரஸ்ல உதவி கேட்டுப் போனப்ப. சாதாரண விமானத்துல வந்தவங்க கை தூக்குங்கன்னாரு ஒரு எம்.பி., ஒரு கையும் எழும்பல, முலாலி கையும் எழும்பல. வருசத்துக்கு ஒரு டாலர் சம்பளத்துக்கு வேலை செய்வீங்களான்னதுக்கு நார்டெல்லி சரின்னாரு, முலாலி இப்ப வாங்கறதே எனக்குப் போதும்ங்கற மாதிரி நழுவிட்டாரு. அன்னைக்கு டிவி பாத்தவங்க கண்ணுக்கு நார்டெல்லிதான் உத்தமர். எளிமையை வெச்சு மட்டும் தலைவரை எடை போடறவங்களுக்காக இதைச் சொல்றேன், நம்ம ஊர்ல அந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி, செருப்பு தேய்ஞ்சிருந்தா போதும், நல்ல முதலாளின்னு சர்ட்டிபிகேட் கொடுத்துடுவோம்.

சரி, முடிவு எப்படி எடுக்கறது. என் ஓட்டு முலாலி மாதிரி ஆளுக்குத்தான், காரணம் அவரோட குணம்னுகூட சொல்ல மாட்டேன், அந்த வியாழக்கிழமை மீட்டிங். குணத்தை இன்டர்வியூல நடிச்சுடலாம், வாராவாரம் பண்ற பழக்கத்தை நடிக்க முடியாது. உழைப்பு, புத்தி, பேச்சு இதெல்லாம் நாலு பேருக்கும் இருந்துச்சு, அதனால அதை வெச்சு தேர்ந்தெடுக்கவே முடியாது. வித்தியாசம் ஒரே இடத்துல வந்துச்சு: கெட்ட செய்தி அவர்கிட்ட எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருது, வந்தா கொண்டுவந்தவனுக்கு என்ன ஆகுது.

ஆளைக் கண்டுபிடிக்கறதும் கஷ்டமில்ல. வேட்பாளர்கிட்ட உங்க பலம் என்ன பலவீனம் என்னன்னு கேக்கறதை விடுங்க, அதுக்கு எல்லாரும் பதில் மனப்பாடம் பண்ணிக்கிட்டுதான் வர்றாங்க. கடைசியா உங்களுக்கு வந்த மோசமான செய்தி எது, யாரு வந்து சொன்னா, அந்த ஆளு இப்ப எங்க இருக்காருன்னு கேளுங்க. பேர் சொல்லி, தேதி சொல்லி, அவர் இப்ப இந்தப் பொறுப்புல இருக்காருன்னு சொல்றவரா, இல்ல எங்க டீம்ல அப்படிப் பெரிய பிரச்சினை எல்லாம் வந்ததில்லைன்னு சொல்றவரா, அதுலயே பாதி தெரிஞ்சுடும். மீதிக்கு அவருக்குக் கீழ வேலை செய்யறவங்க, முக்கியமா விட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. உள்ளயே இருக்கற ஆளுன்னா இன்னும் சுலபம், மிஷின் நின்னுபோச்சுன்னா ஷிஃப்ட் சூப்பர்வைசர் முதல் போனை யாருக்கு அடிக்கறாருன்னு பாருங்க.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. சிவப்பு சார்ட் காட்டின அதே மார்க் ஃபீல்ட்ஸ் 2014-ல முலாலிக்கு அடுத்து ஃபோர்டு சிஇஓ ஆனாரு, மூணு வருசம் முடியறதுக்குள்ள 2017-ல போர்டு மாத்திடுச்சு. உண்மையைச் சொல்ற தைரியம் ஒண்ணு, அடுத்தவன் உண்மையைச் சொல்ற மாதிரி இடம் அமைக்கறது இன்னொண்ணு, அது ரெண்டும் இருந்தாலும் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பறதுங்கற கணிப்பு தனியா வேணும். முலாலிக்கே பில் ஃபோர்டு பின்னாடி நின்னாரு, குடும்பத்துக்கு ஓட்டுரிமை பலம் இருந்ததால ஷேர்ஹோல்டர் கூச்சல்ல அவரைத் தூக்க முடியல. உங்க கம்பெனியில முதலாளியே சிவப்பைப் பாத்தா கத்தறவர்னா முலாலியையே கொண்டுவந்து வெச்சாலும் மூணு மாசத்துல சார்ட் பச்சையாகிடும்.

சின்ன கம்பெனிங்கள்ல நாலாவது டைப் ஆளே கிடைக்காம போறதும் உண்டு, கிடைச்சாலும் அவருக்கு மேல வர விருப்பம் இருக்காது. மத்த மூணு பேர்லதான் எடுக்கணும்னா நான் மெக்னெர்னி டைப்பை எடுப்பேன், கணக்கு பாக்கற ஆளுகிட்ட கணக்கைக் காட்டியாவது வாதாடலாம். ஆனா டிசைன், புது பொருள் இந்தப் பக்கம் மட்டும் அவர் கையில கொடுக்காம முதலாளியே வெச்சுக்கணும். பேச்சுல மயக்கறவரை சேல்ஸ்ல வெச்சு நல்ல சம்பளம் கொடுங்க, அங்க அவர் தங்கம். அதட்டறவருக்கு, ஆறு மாசத்துல கடனை அடைக்கணும், வீண் செலவை வெட்டணும்னு முடிவு தெரிஞ்ச வேலை இருந்தா அதைக் கொடுக்கலாம், எந்த தேதியோட அது முடியுதுன்னு ஆர்டர்லயே எழுதிடுங்க, இல்லைன்னா நார்டெல்லிக்கு நடந்த மாதிரி வெளிய அனுப்பறதுக்கே தனியா ஒரு பட்ஜெட் போட வேண்டி வரும்.